கையெழுத்துப் போடுவதற்கு முன்: வேலையில் நேர்மை பற்றி நம்ம ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் யாருடையவை?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தரத்தையும் தொழிலாளர் விதிமுறைகளையும் பார்க்கும் பிரிவில் வெகுகாலம் இருந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் போன் போட்டு, "அண்ணா, இதுல கையெழுத்துப் போடலாமுங்களா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் போன் வரும். மறுநாள் காலையில் ஆடிட் இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். முதலாளிகளுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர், அக்கவுண்டன்ட், செக்கர், சைட் இன்ஜினியர், லேப் டெக்னீஷியன் என்று நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் இது.

"மேலே சொன்னாங்க, நான் செஞ்சேன்" என்றால் தப்பித்துவிடலாமா?

ஓரளவுக்கு மேல் எடுபடாது. ஜிஎஸ்டியையே பாருங்கள். சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு உள்ளீட்டு வரியை (வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரி என்று காட்டிக் கழித்துக்கொள்வது) எடுத்தால், கம்பெனியோடு சேர்த்து அந்த வேலைக்குப் பொறுப்பான ஆளும் குற்றவாளிதான். மேனேஜரோ வேறு அலுவலரோ தெரிந்தே ஒப்புக்கொண்டார், அல்லது அலட்சியமாக விட்டார் என்று நிரூபணமானால் அவரும் சேர்த்தி. நூல், நிட்டிங், டையிங், ஜாப் ஒர்க் என்று ஒரே சரக்குக்கு ஊரெல்லாம் பில் சுற்றும் இடத்தில் இது ஏட்டுச் சட்டம் மட்டும் இல்லை.

இன்னொன்று. கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது. "பழைய தேதிக்குப் போயி அந்த என்ட்ரிய மாத்திரு" என்று சொன்ன வாய் எங்கும் பதிவாவதில்லை. மாற்றிய லாகின் பதிவாகிறது, அது உங்கள் பெயரில் இருக்கிறது. பார்ட்னர்ஷிப் கம்பெனிகளை இந்த விதி தொடாது, நம் ஊரில் அவைதான் நிறைய. ஆனால் அதிகாரி கேட்கும்போது "இந்த என்ட்ரி யார் போட்டது?" என்ற கேள்வி அங்கேயும் ஒரே மாதிரிதான் வரும்.

சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், செக்கருக்குச் சம்பளம் கொடுப்பதே பார்த்துச் சொல்வதற்குத்தான். அவர் பார்க்காமல் டிக் அடித்துவிட்டு "சொன்னாங்க, செஞ்சேன்" என்றால், எந்த வேலைக்குச் சம்பளம் வாங்கினார்?

நான் பார்ப்பதெல்லாம் சின்ன விஷயங்கள். அதில் என்ன பெரிய நேர்மை இருக்கிறது?

உடைந்த ஊசி ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பாப்பா சட்டை தைக்கும் லைனில் ஓவர்லாக் மெஷினில் ஊசி ஒடிகிறது. விதிப்படி மெஷினை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசர் வந்து, காந்தத்தை வைத்து மேசை, தரை, துணிக்கட்டு எல்லாம் தேடி, கிடைத்த துண்டுகளை ஒரு தாளில் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி முழுசாகச் சேர்ந்தால் டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், டெய்லர் கையெழுத்து வாங்கிவிட்டுப் புது ஊசி கொடுக்கலாம். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும்.

நடப்பது வேறு. பீஸ் ரேட் டெய்லருக்கு மெஷின் நின்ற ஒவ்வொரு நிமிடமும் காசு. சூப்பர்வைசருக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். நுனி கிடைக்கவில்லை என்றால் டப்பாவில் கிடக்கும் பழைய ஊசி ஒன்றை ஒடித்து அதன் நுனியை ஒட்டிவிடுவார்கள். இப்படி ஒட்டிய பக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துண்டுகளைச் சேர்த்து அளந்தால் ஒரு ஊசியின் நீளத்தைவிடக் கூடுதலாக வரும். சில பக்கத்தில் அடித்துண்டு 11-ஆம் நம்பர், நுனி 9-ஆம் நம்பர். கீழே கையெழுத்து மட்டும் கச்சிதமாக இருக்கும்.

காணாமல் போன அந்த நுனி ஏதோ ஒரு சட்டையின் கழுத்துத் தையலுக்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரும்பாலும் இருக்காது என்பதுதான் இதில் ஆபத்து. நூறு தடவை ஒன்றும் ஆகாததால் நூற்றியோராவது தடவையும் கை தானாக ஒடிக்கும்.

எது சின்னது, எது பெரியது என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். தப்பு நடந்தால் அது யார் உடம்பில், யார் கையிருப்பில் போய் நிற்கும்? அவருக்கு இது முன்கூட்டித் தெரிய வாய்ப்பு உண்டா? வாய்ப்பே இல்லை என்றால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விஷயம் பெரிது. ஆபீஸ் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோனதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

ஆடிட்டுக்கு ஒரு ரெஜிஸ்டர், நமக்கு ஒரு ரெஜிஸ்டர். எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிறது. நான் மட்டும் என்ன செய்ய முடியும்?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் குழந்தைக்கும் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை, ஒன்பது. சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைக் கூலி என்கிறது. ஆடிட் ரெஜிஸ்டரில் மட்டும் எல்லாரும் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலையைக் கசக்கிப் பிழிந்து, சாம்பிள் அப்ரூவலை வாரக்கணக்கில் இழுத்தடித்து, ஷிப்மென்ட் தேதியை மட்டும் நகர்த்தாமல் விட்டுவிட்டு, அதே பையர், அதாவது நம் சரக்கை வாங்கும் கம்பெனிக்காரர், வேலை நேரத்தைச் சோதிக்க ஆடிட்டரை அனுப்புகிறார். ஒடிசாவிலிருந்து வந்த பையனும் ஓவர்டைம் வேண்டும் என்றுதான் கேட்கிறான். ஊருக்குப் போவதற்குள் எவ்வளவு சேர்க்கலாம் என்பதுதான் அவன் கணக்கு.

அப்படியானால் இரண்டாவது ரெஜிஸ்டரால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பையனுக்குத்தான். ராத்திரி எட்டு மணிக்குக் கட்டிங் மெஷினில் அவன் விரல் போனால், அந்த நேரத்தில் அவன் கம்பெனியிலேயே இல்லை என்று ரெஜிஸ்டர் சொல்லும். இஎஸ்ஐ-க்கு என்ன எழுதுவீர்கள்? இரட்டைக் கூலி எங்கே என்று பிறகு ஒருநாள் அவன் கேட்டால், கேட்பதற்குச் சாட்சியே இருக்காது.

நான் சொல்வது இதுதான். நேரத்தைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையால் பொய் நேரம் எழுதாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. நிர்வாகத்திடம் பேசும்போது நியாயம் பேசாமல் வியாபாரம் பேசுங்கள். பல பையர்களின் விதியில் கூடுதல் நேரம் என்பது திருத்திக்கொள்ளக்கூடிய குறை. பொய் ரெஜிஸ்டர் பிடிபட்டால் ஆர்டரே போகும். உண்மை நேரத்தைக் காட்டி, ஆறு மாதத்தில் எப்படிக் குறைப்போம் என்று ஒரு திட்டத்தையும் கூடவே வைத்தால் பேச்சுக்கு இடம் உண்டு. சில முதலாளிகள் கேட்பார்கள். கேட்காத முதலாளியிடம் இருப்பவர்களுக்கு வேறு பதில் கீழே இருக்கிறது.

ஊரே செய்கிறது. நான் ஒருத்தன் நிறுத்தினால் என்ன மாறிவிடும்?

நொய்யலைப் பற்றிப் பேசாமல் இதற்கு நம் ஊரில் பதில் சொல்ல முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் அணை கட்டியது பாசனத்துக்கு. தேங்கியது சாயத் தண்ணீர். எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ அந்த விவசாயியே "இந்தத் தண்ணி வேண்டாமுங்க" என்று கோர்ட்டுக்குப் போனார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகளுக்கு மின்சாரம் போனது. கழிவுநீரே வெளியே வராதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை.

அந்தப் பட்டறைகளில் எதுவும் தனியாக ஆற்றைக் கெடுத்துவிடவில்லை. ஒவ்வொருவரும் விட்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் ஓர் ஆபரேட்டர் ராத்திரியில் வால்வைத் திறந்திருப்பார், ஒரு கெமிஸ்ட் லாக் புத்தகத்தில் நல்ல அளவாக எழுதியிருப்பார். 2011-ல் மூடியபோது ஒழுங்காகச் செலவு செய்து சுத்திகரித்தவரும் சேர்ந்துதான் மூடினார், வேலை இழந்த தொழிலாளியும் சேர்ந்துதான் ஊருக்கு பஸ் ஏறினார். ஒருத்தர் நிறுத்தினால் ஆறு சுத்தமாகியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாக் புத்தகங்களில் உண்மையான அளவு இருந்திருந்தால், பிரச்சினை எவ்வளவு பெரிது என்று ஊருக்கே சீக்கிரம் தெரிந்திருக்கும். "எல்லாரும் செய்யறாங்க" என்பதன் முழு அளவு யாருக்கும் தெரியாமல் போவதற்கு, ஆளாளுக்குப் பொய் எழுதுவதும் ஒரு காரணம்.

முதலாளி எனக்கு மாமா முறை. எப்படிக் கேள்வி கேட்பது?

கொங்கு நாட்டுக்கே உரிய சிக்கல் இது. வேலை கொடுத்தவரே படிக்க வைத்தவராக இருப்பார். நாளைக்குப் பொண்ணு பார்க்க முன்னால் நிற்பவரும் அவராகத்தான் இருப்பார். கம்பெனியில் "வேண்டாமுங்க மாமா" என்றால் வீட்டில் அம்மாவிடம் பேச்சு வரும்.

முதலில், கல்யாண வீட்டில், சீர் நடக்கும் இடத்தில் ஆபீஸ் விஷயத்தை எடுக்காதீர்கள். அவர் எடுத்தாலும் "திங்கக்கிழமை ஆபீஸ்ல பேசலாமுங்க மாமா" என்று தள்ளிவிடுங்கள். இரண்டாவது, எல்லாரும் செய்யும் தவறு ஒன்று: சொந்தக்காரப் பையன் என்பதற்காகவே டைரக்டர், பார்ட்னர், அத்தாட்சிக் கையெழுத்து என்று பெயரைச் சேர்த்துவிடுவார்கள். பெருமையாக இருக்கும். பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் அதோடு வந்துவிடும். கம்பெனிக் கணக்கைப் பார்க்கும் உரிமை இல்லாமல் கையெழுத்துப் போடும் கடமை மட்டும் வருகிறது என்றால், அந்தப் பதவி வேண்டாம். "எனக்கு இன்னும் அனுபவம் பத்தாதுங்க மாமா, ரெண்டு வருசம் போகட்டும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் பணிவாகச் சொல்லும் மறுப்புக்கு நல்ல மரியாதை உண்டு.

ஆள் எடுக்கும்போது "நம்ம ஆளா?" என்று விசாரிக்கச் சொல்கிறார்கள். ஹெச்ஆர் நான்தான்.

விசாரிக்காதீர்கள். விண்ணப்பத்தில் இல்லாத கேள்வியை நீங்கள் கேட்டால், கேட்டது நீங்கள்தான். ஊர்ப் பேரைக் கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டு, குலதெய்வம் எது என்று கேட்டு வளைத்துப் பிடிப்பதும் அதே சாதிக் கேள்விதான்.

"எனக்கு அந்த எண்ணம் இல்லை, பிரச்சினை வராமல் இருக்கத்தான்" என்று சொல்பவர்கள் அதிகம். 2018-ல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஊரில் சிலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களைத் தடுக்காமல், அந்தப் பெண்ணையே வேறு இடத்துக்கு மாற்றி ஓர் உத்தரவு வந்தது. கண்டனம் கிளம்பி, பிறகு அதை ரத்து செய்தார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பிரச்சினையை முடித்துவைப்பதாகத்தான் நினைத்திருக்கக்கூடும். தொல்லை கொடுத்தவனுக்கு வசதியாக, தொல்லைப்பட்டவரை நகர்த்துவது ஆபீஸ்களில் தினமும் நடக்கிறது. பார்க்க நிர்வாகத் திறமை மாதிரியே இருக்கும்.

லைனில் ஒரு பெண் தொழிலாளி, மேஸ்திரி பாலியல் தொல்லை கொடுப்பதாக என்னிடம் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றும் சொன்னார். நான் சூப்பர்வைசர்.

அவர் பெயரை ஊர் முழுக்கச் சொல்லாதீர்கள், ஆனால் விஷயத்தை உங்களுக்குள்ளேயே புதைத்துவிடவும் வேண்டாம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு கூடுதல் அவகாசம் தரலாம். இந்த மூன்று மாதக் கணக்கு அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்துவது உங்கள் வேலை. எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து "பேசி முடிச்சுக்கலாம்" என்று பஞ்சாயத்து மட்டும் பண்ணாதீர்கள்.

நான் வெறும் ஃபீல்டு ஸ்டாஃப். திட்டத்தை வடிவமைத்தது கம்பெனி. ஜனங்களைச் சேர்த்துவிட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

பெருந்துறையில் ஈமுக் கோழி 2012-ல் கவிழ்ந்தது நினைவிருக்கும். லட்சக்கணக்கில் முன்பணம் கட்டினால் குஞ்சு, தீவனம், மாதாமாதம் பராமரிப்புப் பணம் என்றார்கள். பணம் நின்றதும் கம்பெனிகள் கதவைச் சாத்தின. பட்டினி கிடந்த கோழிகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டி வந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் இருக்கிறது, கோயம்புத்தூரில் அதற்கென்று தனி நீதிமன்றமும் இருக்கிறது. பணத்தைப் போட்ட எல்லாருக்கும் அது முழுசாகத் திரும்பிவிடவில்லை.

விளம்பரத்தைப் பார்த்துப் பணம் போட்டவர்களைவிட "நம்ம பையன் சொல்றான்" என்று போட்டவர்கள்தான் இப்படிப்பட்ட திட்டங்களில் அதிகம் மாட்டுகிறார்கள். கமிஷன் கொடுத்து உள்ளூர் ஆளை எடுப்பதே அதற்காகத்தான். உங்கள் முகத்துக்குத்தான் அந்தக் கமிஷன். எனவே சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: புது ஆள் யாருமே சேராவிட்டால் அடுத்த மாதம் பணம் எங்கிருந்து வரும்? ஈமுவில் முட்டைக்கும் கறிக்கும் எண்ணெய்க்கும் நிஜமாகச் சந்தை எங்கே என்று கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். "நானும்தானே பணம் போட்டேன்" என்பது உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் சேர்த்துவிட்ட அத்தைக்கு அதனால் பணம் திரும்பாது.

சைட்டில் க்யூப் டெஸ்ட் ஃபெயில் ஆகிவிடும் என்று தனிக் கலவையில் க்யூப் போடச் சொல்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கான்கிரீட் ஊற்றும்போது அதே கலவையிலிருந்து எடுத்து 150 மில்லிமீட்டர் கனச்சதுர அச்சில் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். தூணில் இருக்கும் கான்கிரீட்டை உடைத்துப் பார்க்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. க்யூபுக்கு மட்டும் ரெண்டு சட்டி சிமெண்ட் சேர்த்துப் போட்டால், நீங்கள் சோதித்தது அந்த க்யூபை மட்டும். தூணைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இவ்வளவு உறுதியாக நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயரமான மதில் சுவர் மழையில் சரிந்து பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சுவருக்கு அடியில் படுத்தவர்கள் யாரும் அதைக் கட்டச் சொன்னவர்கள் இல்லை. கட்டடங்களுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகளின்படி பதிவுபெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். சைட்டுக்கே வராமல் சீல் மட்டும் வாடகைக்கு விடுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தால் சீக்கிரம் வேறு இடம் பாருங்கள்.

லஞ்சம் கொடுக்காமல் எந்த ஃபைலும் நகர்வதில்லை. கொடுக்கிறவனும் குற்றவாளியா?

ஆமாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், ஏழு நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் விலக்கு உண்டு. முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லி ரசாயனப் பவுடர் தடவிய நோட்டைக் கொடுப்பவர்களுக்கும் சிக்கல் இல்லை. பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அது.

இதில் இளம் ஊழியர்கள் மாட்டும் விதம் வேறு. முதலாளி கவரைக் கையில் கொடுத்து "ஆபீஸ்ல கொடுத்துட்டு வந்துரு கண்ணு" என்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு மாதிரித் தோன்றும். கேளுங்கள். கேட்டால் அடுத்த தடவை உங்களை அனுப்ப மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி, லேப், பண்ணை, உணவு இந்தத் துறைகளில்?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கேன், டெஸ்ட் அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்குவதை மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறையே தடை செய்கிறது. கமிஷன் கணக்கை எழுதும் லேப் மேனேஜருக்கு இது தெரியாமல் இருக்காது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல 1994 சட்டம் தடை போட்டிருக்கிறது, சைகையில் சொல்வதும் சொல்வதுதான். நாமக்கல் பக்கம் கோழித் தீவன விற்பனையில் இருப்பவர்களுக்கு: கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் தடை வந்தது. வேறு மருந்து பலிக்காத மனிதருக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. பண்ணையில் அள்ளிப் போட்டால் கிருமி பழகிவிடும். "கஸ்டமர் கேக்கறாருங்க" என்பது அங்கே பதில் ஆகாது.

வெல்ல ஆலைகளில் நிறத்துக்காக ஹைட்ரஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போடுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வெளுத்த வெல்லத்தைத்தான் வியாபாரி கூடுதல் விலைக்கு எடுக்கிறார், வெளுத்ததைத்தான் நாமும் கடையில் கேட்டு வாங்குகிறோம். ஆலைக்காரரை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எப்படி மறுத்துச் சொல்வது? வாயைத் திறந்தாலே சண்டையாகிவிடுகிறது.

நியாயம் பேச ஆரம்பித்தால் சண்டைதான் வரும். எதிரில் இருப்பவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. கேள்வியாகக் கேளுங்கள், அதுவும் சீக்கிரம் கேளுங்கள். ஷிப்மென்ட் லாரி வாசலில் நிற்கும்போது கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

உதாரணத்துக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். 3,000 பீஸ் ஆர்டர் என்றால், வழக்கமான ஏக்யூஎல் 2.5 அளவில் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் அட்டவணை) 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறை ஏழு வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். உங்களுக்கு ஒன்பது வந்துவிட்டது. ஃபேக்டரி மேனேஜர், "ரெண்ட மைனர்ல போட்டுருங்க தம்பி" என்கிறார். அங்கே "அது தப்புங்க" என்றால் முடிந்தது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "போட்டுரலாமுங்க சார். எந்த ரெண்டுன்னு நீங்களே சொல்லி ஒரு மெயில் போட்டுருங்க, ரிப்போர்ட்டோட சேர்த்து அனுப்பிடறேன்." மெயில் வராது. அரைமணி நேரம் முறைத்துவிட்டு, "சரி, திருப்பி செக்கிங் போட்டு நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். பல சமயம் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மெயிலே வந்துவிட்டால் அதையும் அப்படியே இணைத்து அனுப்புங்கள்.

அப்புறம், அட்டைப்பெட்டியை நீங்களே தேர்ந்தெடுங்கள். "நாங்களே எடுத்துத் தர்றோமுங்க, நீங்க காபி சாப்பிடுங்க" என்றால் காபியை அப்புறம் சாப்பிடலாம்.

வீட்டுக் கடன் இருக்கிறது, அப்பாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. வேலையை விட முடியாது. அப்போது?

உடனே விடச் சொல்லமாட்டேன். ஏப்பம் விட்டுக்கொண்டு பசித்தவனுக்கு உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேலையை விடுவது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த மாதிரிப் பொறுப்பு இல்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு கையெழுத்தை மட்டும் மறுக்கலாம். ரிப்போர்ட்டில் உண்மையை எழுதிவிட்டு முடிவை மேலிடத்திடம் விடலாம், அதுதான் முறையும்கூட. கூடவே வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம்.

தேடும் காலத்தில் பண விஷயத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருங்கள். சம்பளம் ஏறியதும் கார், கார் வந்ததும் வீடு என்று கடனை ஏற்றிக்கொண்டே போனால் "வேண்டாமுங்க" என்று சொல்லும் தெம்பு குறைந்துகொண்டே வரும். சில முதலாளிகள் தாராளமாக அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடித்து வைப்பதும் இதனால்தான்.

யாராவது உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் வயதை மாற்றி எழுதச் சொன்னால், அங்கே இந்த நிதானம் எதுவும் பொருந்தாது.

வெளியே புகார் கொடுத்தால் எனக்குப் பாதுகாப்பு உண்டா?

குறைவுதான். தகவல் தருபவர்களைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது, அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றியது. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளில் உள்ளுக்குள்ளேயே புகார் சொல்லும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த வகை இல்லை.

ஆகவே விஷயத்துக்குத் தகுந்த இடம் பார்த்துப் போக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் என்றால் 1098. சாயக்கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மெஷின் பாதுகாப்பு என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் பிஎஃப் அலுவலகம். வெளிநாட்டு பையர்கள் பலர் தொழிலாளர்களுக்கான புகார் எண்ணைக் கம்பெனிச் சுவரிலேயே ஒட்டச் சொல்லியிருப்பார்கள், போஸ்டர் பீரோவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கைக்கு முறையாக வந்த கடிதம், மெயில் நகலை வைத்துக்கொள்ளலாம். கஸ்டமர் விலைப்பட்டியல், டிசைன் போன்றவற்றைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். கேஸ் உங்கள் மேல் திரும்பிவிடும். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வைப்பது நல்லது. புகார் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.

புது இடத்து இன்டர்வியூவில் "ஏன் பழைய வேலையை விட்டீங்க?" என்றால் என்ன சொல்ல?

பழைய கம்பெனியின் கதையைச் சொல்லாதீர்கள். பனியன் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கேட்பவரே பழைய முதலாளியின் சம்பந்தியாக இருக்கலாம். "ரிப்போர்ட்டுல நான் பார்த்ததத்தான் எழுதுவேனுங்க. அங்க அது ஒத்து வரல" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். அதைக் கேட்டு முகம் மாறினால் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். "எப்பங்க சேர்றீங்க?" என்று கேட்டால் சம்பளத்தைப் பேச ஆரம்பியுங்கள்.